கதவைச் சாத்தியது யார்

அத்தியாயம் பதினாறு

விமானம் ரத்தாகித் திரும்பி வந்த இறால் பெட்டிகளைப் போன வார அத்தியாயத்தில் கொட்டகை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம். அந்தப் பெட்டிகளுக்கு இந்தப் பக்கம் அண்ணன் பெரியவர், அந்தப் பக்கம் தம்பி சின்னவர். "இனிமே சேர்ந்து தொழில் பண்றது நடக்காது" என்று தம்பி சொல்ல, "போறவன் சொல்லிட்டுப் போகணும்னு அவசியம் இல்ல" என்று அண்ணன் சொல்ல, ராத்திரிச் சாப்பாடு ரெண்டு வீட்டிலும் பாத்திரத்திலேயே இருந்துவிட்டது. மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். நடுவில் ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் அன்று யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

விடிந்த பிறகும் கோபம் ஆறவில்லை.

பெரியவரின் மனைவியைக் கொட்டகையில் எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் கொழுந்தன் அப்படிக் கூப்பிட, இறால் உரிக்கும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் டிரைவர், ஐஸ் கொண்டுவருபவர், விமான நிலையத்து ஏஜென்ட் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கொழுந்தன் ஆகிவிட்டார்கள். ஒரு தடவை பெரியவரே ஏஜென்ட்டிடம் போனில், "இருங்க, அண்ணிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். பெண்கள் அவரை நாலு நாள் ஓட்டித் தள்ளினார்கள்.

இறாலை வாங்குவது பெரியவர் வேலை. வெளிநாட்டில் விற்பது, விமானத்தில் இடம் பிடிப்பது சின்னவர் வேலை. குளிர் அண்ணியின் வேலை. உறைந்த சரக்கு உறைந்தபடியே கடல் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒரு தடவை இளகிவிட்டால் மறுபடி எவ்வளவு உறைய வைத்தாலும் அது பழைய இறால் இல்லை, குப்பை. சாப்பிடுகிறவர் படுத்துவிடுவார்.

அதனால் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு அண்ணி சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இறால் உரிப்பது இல்லை; கதவு. திறந்த கதவைக் கண்டால் யாரு என்னவென்று கேட்டுக்கொண்டு நிற்காதே, மூடு. மூடிய கதவை அனாவசியமாகத் திறக்காதே. வீட்டிலும் இதே கதைதான். பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்த விருந்தாளியின் கையை விலக்கிவிட்டுக் கதவை மூடியவள் அவள். அந்த விருந்தாளி அப்புறம் வரவே இல்லை.

காலையில் ஏஜென்ட் கூப்பிட்டார்.

"அண்ணி, மத்தியான விமானத்துல இடம் வாங்கிட்டேன். ஆனா கார்கோ கவுன்ட்டரை இன்னிக்குச் சீக்கிரம் மூடறாங்க. லேட் பண்ணிடாதீங்க."

"லேட்டாகாது."

"சரக்கு வாங்கற அந்தப் பக்கத்துக்காரங்க ரொம்பக் கோபமா இருக்காங்க. இதுவும் போகலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கூலிங் வண்டியின் பக்கத்தில் பெரியவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். கம்ப்ரசர் ராத்திரியோடு ராத்திரியாக மண்டையைப் போட்டுவிட்டது. டிரைவர் வேறு லீவு. பட்ட காலிலேயே படுகிற நாள் என்று சிலது உண்டே, அது அன்றைக்கு விடிந்திருந்தது.

"வேற வண்டி பாருடா" என்றார் பெரியவர். நேற்றைய சண்டைக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை.

"பாத்தாச்சு. இந்த நேரத்துக்குக் கிடைக்கறதெல்லாம் காய்கறி ஏத்தற வண்டி. அதுல ஏத்தினா ஏர்போர்ட் போறதுக்குள்ள வெந்தே போயிடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"டிரை ஐஸ்தான். ஒவ்வொரு பெட்டியிலயும் மறுபடி நிரப்பிட்டு, மிச்சத்தை வண்டித் தரையில கொட்டிடலாம். தாங்கும்."

"நேத்தும் தாங்கும்னுதான் சொன்ன."

"விமானம் ரத்தானதுக்கு நான் என்னண்ணா பண்ண முடியும்?"

"நீ எதுக்குத்தான் என்ன பண்ண முடியும்? அதான் பிரிஞ்சு போறேன்னு பெட்டியைக் கட்டிட்டியே."

சின்னவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அண்ணி நடுவில் புகுந்தாள்.

"லோடு போகட்டும். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து நல்லா சண்டை போடுங்க, நான் காபி போட்டுத் தரேன்."

"நீங்க போட வேணாம் அண்ணி. இந்த லோடு போயிட்டா எனக்கும் இந்தக் கொட்டகைக்கும் சம்பந்தம் இல்ல."

சொல்லிவிட்டு ஆணியில் மாட்டியிருந்த கம்பளிக் கையுறைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணிக்குச் சுருக்கென்றது. காபி போடுகிறேன் என்று சொன்னதற்குக்கூடவா முறைக்க வேண்டும்?

டிரை ஐஸ் பார்க்க ஐஸ் மாதிரிதான் இருக்கும். வெறுங்கையால் தொட்டால் சுட்டுவிடும். அது தண்ணீராக உருகாது. வெள்ளைப் புகையாகப் போய்விடும். அந்தப் புகைக்கு வழி விடாமல் பெட்டியை இறுக்கி ஒட்டினால் பெட்டி வெடிக்கும். அதனால் மூடியின் ஓரத்தில் டேப் ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். கார்கோ கவுன்ட்டரில் முதலில் அந்த இடைவெளியைத்தான் பார்ப்பார்கள். அடைத்த இடத்தில் அந்தப் புகை மனிதனுக்கு வேண்டிய காற்றைத் துரத்திவிடும் என்பதும் இவர்கள் எல்லோருக்கும் தெரியும். வருஷக் கணக்கில் கூடவே இருக்கிற ஆபத்து வீட்டு நாய் மாதிரி. காலடியில் கிடக்கும்போது யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பெட்டிகளை வண்டியில் ஏற்றியாயிற்று. பெண்கள் டீ குடிக்கப் போனார்கள். அண்ணி உள்ளே மேஜையில் காகிதங்களைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பெட்டியில் எவ்வளவு டிரை ஐஸ் என்று எழுதியிருக்க வேண்டும், எழுதியதே பெட்டியின் மேலும் ஒட்டியிருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று மாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டார். மறுபடி. மூன்றாவது தடவை அவள் பதிலே சொல்லாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வெளியே வந்தால், வண்டியின் பின்கதவு பாதி திறந்து கிடக்கிறது. வெள்ளைப் புகை படியில் வழிந்து தரையில் ஓடுகிறது. வெயில் சுள்ளென்று கதவின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு வயிறு எரிந்தது. "யார் அப்பன் வீட்டுக் குளிர்னு இப்படித் திறந்து போட்டிருக்காங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே கதவைத் தோளால் தள்ளி மூடினாள். கதவைப் பூட்டும் நெம்புகோலை இழுத்து இறக்கினாள். அது வெளிப்பக்கம் கொக்கியில் டக்கென்று விழுந்தது. மறுபடி மேஜைக்குப் போனாள்.

காகிதத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. பெரியவர் தேடி வந்து போட்டார். முகத்தைக் கழுவினார், தண்ணீர் குடித்தார். வெயிலில் நின்ற வண்டியில் ஏறிக் கிளம்பினார்.

வண்டி தெருமுனை திரும்பும் வரை அண்ணி பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணனும் தம்பியும் மறுபடி நேருக்கு நேர் மோதிக்கொள்ளாமல் வண்டி போய்விட்டதே, அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. சின்னவர் எங்கேயாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

மேஜைகளைக் கழுவ ஆரம்பித்தபோது ஒரு போன் அடித்தது. அவளுடையது இல்லை. எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் சின்னவரின் போன் கிடந்தது. கூப்பிடுவது அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தருகிறவள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் டீச்சர். அவளுக்கு அண்ணி அக்கா, பெரியவர் மாமா. இறால் வாடை ஆகாது என்று கொட்டகைப் பக்கமே வர மாட்டாள்.

"அக்காவா? அவர் இல்லையா?"

"இங்கதான் எங்கயாவது இருப்பார் டீச்சர். போனை வெச்சுட்டுப் போயிருக்கார்."

"காலைல சாப்பிடாமக் கிளம்பிட்டார்க்கா. இடைவேளைல கூப்பிட்டா எடுக்கவே இல்ல." டீச்சர் கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, நான் சொல்றதை மாமாகிட்டச் சொல்லுங்க. பிரியறதுல எனக்கு இஷ்டமே இல்ல. ராத்திரியெல்லாம் அவர்கிட்ட அதைத்தான் சொல்லிட்டிருந்தேன். காலைல அவரும் கொஞ்சம் இறங்கி வந்துட்டார். சாயங்காலம் நாலு பேரும் உக்காந்து பேசிடலாமா?"

"பேசிடலாம். நான் மொதல்ல உன் வீட்டுக்காரரைக் கண்டுபிடிச்சுச் சாப்பிட வைக்கிறேன்."

அண்ணி சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே வெளியே வந்து தேடினாள். சின்னவரின் பைக் நிழலில் நின்றது. ஹெல்மெட் அதன் மேலேயே இருந்தது. போனும் இங்கே, பைக்கும் இங்கே. நடந்தா போயிருப்பார்?

வண்டி நின்ற இடத்தில் டிரை ஐஸ் தள்ளிக்கொண்டு வரும் தள்ளுவண்டி தனியாக நின்றது. அதில் காலிச் சாக்குகள் மடித்துக் கிடந்தன. சாக்கை மடித்து வைக்கிற ஒழுங்கு அந்தக் கொட்டகையில் சின்னவர் ஒருவருக்குத்தான்.

கம்பளிக் கையுறைகள் ஆணியில் இல்லை.

கைக்குப் போன் வந்ததும், கணவரைக் கூப்பிட்டதும் அவளுக்கே தெரியாமல் நடந்தன.

"தம்பி உங்ககூட இருக்காரா?"

"என்கூட எதுக்கு வரான் அவன்? என் மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கல அவனுக்கு."

"வண்டியை நிறுத்துங்க."

"என்ன விளையாடறியா? நெரிசல்ல இவ்வளவு நேரம் மாட்டி இப்பதான் வழி கிடைச்சிருக்கு. கவுன்ட்டர் மூடிடும்."

"நிறுத்துங்க. நிறுத்திப் பின்கதவைத் திறங்க."

"திறந்தா குளிர் போயிடும்னு நீதானே..."

"தம்பி உள்ள இருக்கார்."

அந்தப் பக்கம் பிரேக் சத்தம். பின்னால் வந்த வண்டிகளின் ஹார்ன். ஓடுகிற செருப்புச் சத்தம். நெம்புகோல் மேலே போகிற சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. பெட்டிகள் ஒவ்வொன்றாக ரோட்டில் விழுந்தன. இத்தனை நாள் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்த பெட்டிகள்.

அப்புறம் அவள் கணவரின் குரல்.

"டேய். டேய் தம்பி. டேய், என்னைப் பாருடா."

திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை. போனை யாரும் அணைக்கவில்லை. அண்ணி அதைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளுவண்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

*

ஆஸ்பத்திரி நடையில் ஒரே ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு கோடியில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். வகுப்பிலிருந்து அப்படியே வந்திருந்தாள். விரல்களில் சாக்பீஸ் வெள்ளை. அழவில்லை. அண்ணி பக்கத்தில் போனபோது தலையைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் வெளியே வந்தார். இளைய வயது. பேச்சில் சுற்றி வளைப்பு இல்லை.

"மூச்சு மெஷின்ல போயிட்டிருக்கு. இதயம் துடிக்குது. மூளைக்கு எவ்வளவு நேரம் காத்துப் போகலைங்கறதுதான் இப்பக் கேள்வி. கதவை மூடி எவ்வளவு நேரம் இருக்கும்?"

"கிளம்பறப்பதான் மூடினேன் டாக்டர்" என்றார் பெரியவர். "நான்தான் மூடினேன். உள்ள பாக்காம மூடிட்டேன்."

அண்ணி திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

போலீஸ் அதிகாரி ஒருவர் ஏற்கனவே வந்திருந்தார். அவரிடமும் இதையே சொல்லியாயிற்று என்று அப்போதுதான் அண்ணிக்குத் தெரிந்தது. கணவரைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கதவோட உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு எத்தனை மாசம் ஆச்சு? அவன் எத்தனை தடவை சொன்னான், சரி பண்ணுண்ணா, சரி பண்ணுண்ணான்னு? நான்தான் அப்புறம் பாக்கலாம், அப்புறம் பாக்கலாம்னு தள்ளிப்போட்டேன். அது இருந்திருந்தா உள்ளேர்ந்தே திறந்துட்டு வந்திருப்பான். அதனால கதவையும் நானே மூடினதா இருக்கட்டும்."

"மூடினது நான்."

"தெரியும். கதவுன்னா நீ மூடுவ. பாக்காம மூடின. அதுல உன் தப்பு என்ன இருக்கு?" சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார். "நம்ம பொண்ணுக்குப் பரீட்சை நடக்குது. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது வீட்டுல இருக்கணும். நீ வாயைத் திறக்காத. நான் பாத்துக்கறேன்."

எங்கேயோ போய் ஒரு டம்ளர் டீ வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார். அவள் குடித்தாள். அந்த நேரம் அவளுக்கு வந்தது நிம்மதிதான். அதை மறைத்து என்ன பண்ண? பயத்தில் நடுங்குகிற மனது யாராவது கதவைக் காட்டினால் ஓடத்தான் பார்க்கும். அண்ணி நல்லவள்தான், நல்லவளுக்கும் உயிர் ஒன்றுதானே.

ஆனால் டீ உள்ளே இறங்க இறங்க, அவள் நினைக்க மறுத்த ஒன்று மேலே வந்தது.

நெம்புகோலை இறக்கிவிட்டு அவள் திரும்பியபோது, வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. தொம் என்று ஒரே ஒரு தடவை. கதவின் கீழ்ப்பாகத்தில், மனிதன் மண்டியிட்டால் கை எட்டுகிற உயரத்தில்.

பெட்டி சரிகிறது என்று நினைத்தாள். வண்டி ஓடும்போது பெட்டி சரியும். அப்படி ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். வண்டி அப்போது ஓடவில்லை. பெரியவர் இன்னும் வரவே இல்லை. கையெழுத்தே போடவில்லை. நின்றுகொண்டிருக்கிற வண்டியில் பெட்டி எப்படிச் சரியும்?

இந்தக் கேள்வி இப்போது வந்தது இல்லை. அப்போதே வந்தது. அதனால்தான் அவள் கை நெம்புகோலுக்குப் போனது. தொட்டது. திறந்தால் குளிர் போகும், மறுபடி பெட்டி அடுக்க வேண்டும், ஏஜென்ட் கத்துவார், கவுன்ட்டர் மூடிவிடும். சரிந்தால் சரியட்டும் என்று கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கணவருக்கு இது தெரியாது. பாக்காம மூடின என்கிறார். கேட்டும் திறக்காமல் போனதற்கு அவர் எப்படிப் பழி ஏற்க முடியும்?

பெஞ்சுப் பக்கம் குரல் உயர்ந்தது.

"ரெண்டு பேருக்கும் சண்டை சார்" என்று டீச்சர் போலீஸ் அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நேத்து ராத்திரியும் சண்டை. இன்னிக்குக் காலைலயும் சண்டையாம்."

"தெரிஞ்சேதான் மூடினார்னு சொல்றீங்களா அம்மா?"

"நான் என்னத்தைச் சொல்றது? சின்ன வயசுலேர்ந்து அந்தத் தொழில்ல இருக்கறவருக்கு, உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு பாக்கத் தெரியாதா? மூடினவரையே கேளுங்க."

பெரியவர் தலை குனிந்து நின்றார். மறுக்காததே அவருக்கு எதிராகப் பேசியது. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் அதிகாரி. யாரும் வெளியூர் போகக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அண்ணி டீ டம்ளரைக் குழாயடியில் வைத்தாள். போய் டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுந்து போங்கக்கா. எனக்கு இப்ப யார்கூடயும் பேச முடியாது."

"பேச வேணாம். கேளு போதும். கதவை மூடினது மாமா இல்ல. நான்."

டீச்சர் மெதுவாகத் திரும்பினாள்.

"திறந்து கெடந்துச்சு. புகையா வந்துட்டிருந்துச்சு. யாரோ திறந்து போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சு மூடிட்டேன். மாமா அப்ப அங்க இல்லவே இல்ல. என்னைக் காப்பாத்தறதுக்காகப் பழியைத் தூக்கித் தன் தலைல போட்டுக்கறார்."

ஒரு நர்ஸ் சக்கர மேஜையைத் தள்ளிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனாள்.

"ஏன்க்கா எங்கிட்டச் சொன்னீங்க? மாமாவை வெறுக்கறது எனக்குச் சுலபமா இருந்துச்சு."

அண்ணி தலையை நிமிர்த்தவில்லை.

"கல்யாணம் ஆகி வந்தப்ப இந்த வீட்டுல எனக்கு யாரையும் தெரியாது. காய்ச்சல்ல கெடந்தப்ப ராத்திரி பூரா முழிச்சிருந்தது நீங்கதான்." டீச்சரின் குரல் பள்ளிக்கூடக் குரலாக, வறண்டு இருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவர் உள்ளேர்ந்து தட்டினாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சத்தத்தைக் கேட்டவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. சாட்சி இல்லை. அறைக்குள் கிடப்பவரே கண் விழித்தாலும் அவருக்கு நினைவு இருக்குமோ இருக்காதோ. ஒரு சின்ன 'இல்ல'. அதற்கு அப்புறம் டீச்சர் மடியில் தலையை வைத்து அழுதிருக்கலாம், அவளும் அழுதிருப்பாள். பார்க்காமல் நடந்த தப்பை வீடு என்றைக்காவது மன்னிக்கும்.

"ஒரு தடவை" என்றாள் அண்ணி. "ஒரே ஒரு தடவை சத்தம் கேட்டுச்சு. பெட்டின்னு நினைச்சுக்கிட்டேன். திறக்கப் போனேன். திறக்கல."

டீச்சர் எழுந்தாள். அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். பிரியமாகப் பிடித்த பிடி இல்லை அது. ஓடிவிடாமல் இருக்கப் பிடித்த பிடி. சாக்பீஸ் தூள் அண்ணியின் கையில் ஒட்டியது. நடையின் மறுகோடியில் படி இறங்கப் போன போலீஸ் அதிகாரியின் எதிரே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"சார், நான் முன்னாடி சொன்னதுல மாத்தம் இருக்கு. இவங்க சொல்றதைக் கேளுங்க. அக்கா, சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க."

பெரியவர் ஓடி வந்தார். மனைவியின் தோளில் கையைப் போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சார், இவ குழம்பிப் போயிருக்கா. என்னைக் காப்பாத்தணும்னு என்னவோ உளர்றா. இவ பேச்சை எழுதாதீங்க."

"ஒரு கதவை ரெண்டு பேரும் மூடினோம்கறீங்க" என்றார் அதிகாரி. அவர் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுங்கம்மா."

அண்ணி சொன்னாள். திறந்து கிடந்த கதவு, புகை, நெம்புகோல், எல்லாம். சொல்லச் சொல்ல, தோளின் மேல் இருந்த கணவரின் கை இன்னும் இறுகியது. எவ்வளவு சொன்னாலும் நான் விட மாட்டேன் என்பது போல.

"மூடினதுக்கு அப்புறம் உள்ளேர்ந்து ஒரு சத்தம் கேட்டுச்சு."

"வண்டி கிளம்பினப்புறமா?"

"இல்ல சார். நின்னுட்டிருந்தப்ப. இவர் அப்புறம்தான் வந்தார். வந்து கையெழுத்துப் போட்டு, முகம் கழுவி, அப்புறம்தான் கிளம்பினார்."

பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நின்னுட்டிருந்தப்பவா?"

"ஆமா."

"அப்ப நான் முகம் கழுவிட்டிருந்தேன். அவன் உள்ள..." தோளைப் பிடித்து அவளைத் தன் பக்கம் திருப்பினார். "உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

அவள் தோளிலிருந்த கை இறங்கியது. பெரியவர் தம்பி கிடந்த அறைப் பக்கம் நடந்துபோனார். அதன் கண்ணாடியில் நெற்றியை வைத்து, இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அதிகாரி புதுப் பக்கத்தைத் திருப்பினார். அண்ணிக்குப் பிடித்துக்கொள்ளச் சுவர்கூடப் பக்கத்தில் இல்லை. டீச்சர் மட்டும் அந்த மணிக்கட்டை இன்னும் விடவில்லை.